சூரிச்சில் வாங்கியது

"மாட்டிறைச்சி," என்றாள் அதிகாரி, உறையைத் திருப்பிப் படித்துவிட்டு. "காத்துல காய வச்சது. இதை ஏன் நீங்க படிவத்துல எழுதிக் கொடுக்கல?"

ஆக்லாந்து விமான நிலையத்தின் சோதனை மேசையில் அந்தச் சிவப்புப் பொட்டலம் கிடந்தது. பத்மாவதி மாமியின் பெட்டிக்குள், மருமகள் ராகவியின் நீலச் சட்டையில் நன்றாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது அது. சட்டையைக் கண்டதுமே அவள் கணவன் யசீகரனுடைய முகம் கறுத்துவிட்டது.

"அம்மான்ர பெட்டிக்குள்ளயோ ராகவி? ஒளிக்கிறதுக்கு உனக்கு வேற இடம் கிடைக்கேல்லையோ?"

"நான் வைக்கேல்லை."

"பின்ன ஆர், அம்மாவோ?"

மாமி சுத்த சைவம். முட்டை போட்ட கேக்கைக்கூட விரலால் தள்ளிவிடுகிறவர். ராகவி வேலைக்குப் போகும் வழியில் வாங்கித் தின்ற மாட்டிறைச்சி அடைத்துச் சுட்ட ஒரு 'பை'யின் உறையைக் காருக்குள் கண்ட நாளிலிருந்து, ஆக்லாந்தில் பாபடோயிட்டோய் பகுதியிலிருக்கும் அவர்கள் வீட்டில் மாமிக்குச் சட்டி வேறு, கரண்டி வேறு. ராகவி போட்ட தேத்தண்ணி ஆறி ஆடை படிந்து கிடக்கும். மாமி திரும்பியும் பார்க்க மாட்டார்.

சூரிச்சில் மூத்த மகன் வீட்டில் தங்கியிருந்தபோதும் அதே கதைதான். ராகவி போனில் டொக்டரோடு பேச உட்கார்ந்தால்கூட மாமி எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவார். சூப்பர் மார்க்கெட்டில் ராகவி கிரூயேர் சீஸும், தேன் பிஸ்கட்டும், உருளைக்கிழங்கு ரோஸ்டி பாக்கெட்டுகளும், சாக்லேட் கட்டிகளும் ஆசையாக எடுத்துக் கூடையில் போட்டாள். மாமி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் வந்தார்.

"நாத்தத்துக்கும் காசு குடுத்து வாங்குதுகள்," என்றார், கடை முழுவதும் கேட்கும்படி.

புறப்படுவதற்கு முதல் நாள் மாமி மூத்த மருமகளோடு மட்டும் கடைக்குப் போய்விட்டு வந்தார். வந்த வேகத்தில், காலையில் குளித்தவர் மறுபடியும் தலைக்குக் குளித்தார். ராகவி துவாயை நீட்டியபோது, "தள்ளி நில்லடி," என்று சீறினார்.

விமானத்தில் ராகவி கணவனிடம் தெளிவாகவே சொல்லிவிட்டாள். "ஒனிஹங்காவில என்ர சிநேகிதி வீட்டில ஒரு அறை இருக்கு. நான் அங்க போகப்போறன். இனி என்னால ஏலாது." யசீகரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இங்க பாருங்க," என்றாள் அதிகாரி. அவள் சட்டையில் வித்தியா என்று பெயர் குத்தியிருந்தது. பேச்சு தமிழ்நாட்டுப் பேச்சு. "சீஸ், சாக்லேட் எல்லாம் எழுதியிருக்கீங்க, சரி. இது எழுதல. யார் கொண்டு வந்தாங்களோ அவங்க மேல அபராதம் வரும். யாரோடது?"

யசீகரன் மனைவியைப் பார்த்தான். மாமி கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்:

"எங்கட வீட்டில உந்த இறைச்சியைத் தின்னுற ஆள் ஒராள்தான்."

"கேட்டியோ?" என்றான் யசீகரன். "இதுக்கு மேல என்ன சொல்லப்போறாய்?"

ராகவிக்குத் தலை சுற்றியது. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நெடும்பயணக் களைப்பு என்று நினைத்தாள். கண்ணீர் வரும்போலிருந்தது, இவர்கள் முன்னால் அழுவதைவிட அபராதம் எவ்வளவோ மேல்.

"என்ரதெண்டே எழுதுங்கோ," என்றாள் வித்தியாவிடம். பிறகு தன் பெட்டியை இழுத்துக்கொண்டு கணவனிடம் திரும்பினாள். "நான் இப்பிடியே ஒனிஹங்கா போறன். நீங்கள் உங்கட அம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டை போங்கோ. ஆரும் என்னைத் தேடி வரவேண்டாம்."

"போ! போறதெண்டால் போ!"

"ஒரு நிமிஷம்," என்றாள் வித்தியா. "உங்களோடதுன்னா, எந்தக் கடையில வாங்கினீங்க?"

ராகவி விழித்தாள்.

"எப்போ வாங்கினீங்க? அதாவது தெரியுமா?"

அதுவும் தெரியவில்லை. வித்தியா பேனாவை மூடி வைத்தாள். அவள் குரல் இன்னும் கடுமையாயிற்று. "பொய் எழுத நான் இங்க உக்காரல. பெட்டி உங்களோடது, அம்மா. நீங்க சொல்லுங்க."

"அவவை ஏன் கேக்கிறீங்கள்?" என்று யசீகரன் பாய்ந்தான். "அவ இறைச்சிக்கடைப் பக்கமே போகாதவ..."

"வாயை மூடடா!"

மாமியின் கை மேசையில் ஓங்கி விழுந்தது. பக்கத்து வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான்தான் வாங்கினன். என்ர இந்தக் கையாலதான் எடுத்தனான். என்ர சேலையில படக்கூடாதெண்டு அவளின்ர சட்டையில சுத்தினனான். என்ன செய்யவேணுமோ செய்யுங்கோ."

யசீகரன் வாய் திறந்தபடி நின்றான். வித்தியாவும் சற்றுத் தடுமாறிப்போனாள்.

"நீங்க... இதைச் சாப்பிடுவீங்களாம்மா?"

"சீ! சிவ சிவா!"

"பின்ன எதுக்கு வாங்கினீங்க?"

வித்தியா பொட்டலத்தை எடுத்துப் பக்கத்திலிருந்த பெரிய தொட்டிக்குள் போட்டாள். அது விழுந்த சத்தம் கேட்டதும் மாமியின் உதடு ஒருமுறை கோணியது. எப்போதும் எரிக்கிற அந்தக் கண்களை அப்படியே ராகவியின் பக்கம் திருப்பினார்.

"மூதேவி, உனக்கு உடம்பில ரத்தம் காணாதெண்டு டொக்டர் போனில சொன்னது எனக்குக் கேட்டதடி!"