பதினேழு மாடிக் கப்பல்

பதினொன்றுதான். மூன்றாவது முறையும் எண்ணிப் பார்த்துவிட்டாள்.

போனில் இருந்த படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, கடற்கரைக்குப் பின்னால் நிற்கும் வெள்ளைக் கப்பலின் ஜன்னல் வரிசைகளை நகத்தால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். கோகிலவாணி பொய் சொல்லவில்லை. பதினொரு மாடி.

கோகிலவாணி அவளுடைய ஓரகத்தி. கணவனின் தம்பி மனைவி. போன கோடை விடுமுறையில் குடும்பத்தோடு கப்பலேறிப் போய்வந்த நாளிலிருந்து வாயில் வேறு பேச்சே கிடையாது. சாம்பாரில் உப்பு போதுமா என்று கேட்டால்கூட, "கப்பல்ல உப்பே கம்மியாத்தான் போடுவாங்கக்கா" என்பாள்.

இவளும் சிரித்துக்கொண்டே கேட்பாள். சிரிப்பது பல் மட்டும்தான்.

இன்றைக்கு அதற்கு ஒரு முடிவு கட்டப் போகிறாள்.

மேசைமேல் லேப்டாப் திறந்திருந்தது. இரண்டு கப்பல்கள்.

ஒன்று பெரியது. பதினேழு மாடி. உச்சியில் நீர்ச்சறுக்கு, அதற்குக் கீழே நீச்சல் குளம், உள்ளேயே ஒரு கடைவீதி. பிள்ளைகள் இரண்டும் படத்தைப் பார்த்த நொடியே கையைத் தூக்கிவிட்டன.

இன்னொன்று சின்னது. ஐந்தே மாடி. தீவு தீவாக நின்று போகும். அதை அவள் திறந்து வைத்திருந்ததே, பெரியது எவ்வளவு பெரியது என்று பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பூரிப்பதற்குத்தான்.

பதினேழு. எந்த இடத்தில் நின்று படம் எடுத்தால் அத்தனை மாடியும் விழும் என்பதுவரை யோசித்தாயிற்று. கோகிலவாணி தன் படத்தைப் போட்ட அதே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படத்தைப் போட வேண்டும். ஒரு வார்த்தை எழுதக் கூடாது. படம் மட்டும். கோகிலவாணி எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும்.

போனை மூடப் போனாள். விரல் வழுக்கியது. கப்பல் மேலே ஏறிப் போய், கொழுந்தனின் கை திரைக்கு வந்தது.

தோளில் பை. ஒரு கையில் பையனைப் பிடித்திருக்கிறான். மறு கையின் இரண்டு விரல்களில் மாட்டித் தொங்குகிறது ஒரு ஜோடி செருப்பு.

பொம்பளைச் செருப்பு. பொன்னிற வார்.

அந்தச் செருப்பை அவளுக்குத் தெரியும். தீபாவளியன்று மாமியார் வீட்டு வாசலில் அவள் செருப்போடு ஒட்டிக் கிடந்ததுதான்.

படத்தை நகர்த்தினாள்.

நாலடி முன்னால் கோகிலவாணி. வெறுங்கால். வெறுங்கை. கணுக்கால் தண்ணீரில் இரண்டு கையையும் வீசிக்கொண்டு போகிறாள். செருப்பு என்ற ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துவிட்டிருக்கும். அப்படி ஒரு நடை.

மறுபடியும் அந்தக் கைக்கே படத்தை நகர்த்தினாள்.

ஒரு வருடமாக இந்தப் படத்தைத்தான் பார்க்கிறாள். கப்பலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், பைத்தியக்காரி.

கப்பலுக்குப் பொறாமைப்பட்டால் அதைவிடப் பெரிய கப்பலில் ஏறிக்கொள்ளலாம். இதற்கு எங்கே போவது?

சோபாவில் கணவன் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். நல்லவன்தான். கேட்டதை இல்லையென்று சொன்னதில்லை. கல்யாண மண்டபத்தில் செருப்பு தொலைந்தபோது, போகிற வழியில் காரை நிறுத்தி, தொலைந்ததைவிட உசத்தியாக வாங்கிக் கொடுத்தான். கார்வரை அவள் தார் சூட்டில் தத்தித் தத்தி ஓடியதை மட்டும் பார்க்கவில்லை. முன்னால் போய்விட்டான்.

ராமேஸ்வரத்தில் அவன் கடலில் இறங்கியபோது, அவன் செருப்பையும் அவள்தான் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சின்னக் கப்பலைத் திறந்தாள். இந்த முறை எழுத்தைப் படித்தாள்.

மூன்றாம் நாள் வருகிற தீவில் படகுத்துறை கிடையாது. சிறு படகில் கரையோரம் கொண்டுபோய் விடுவார்கள். முழங்கால் தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டும். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளவும்.

கடைசி வரியை மறுபடியும் படித்தாள்.

"ஏனுங்க, இதையே போட்டரலாங்க."

அவன் எழுந்து வந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தான். "இது சிறுசா இருக்குதே. பெருசுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்ன?"

"தீவுல எறங்கி நடக்கலாமுங்க."

அவன் படித்தான். உதடு மெல்ல அசைந்தது. கடைசி வரிக்கு வந்துவிட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"செருப்பக் கையில எடுத்துக்கோணுமாமா. அதுக்கென்ன, தண்ணி புகாத பையி விக்குது. ஆளுக்கொண்ணு வாங்கிப் போட்டரலாம்."

"பையெல்லாம் வேண்டாமுங்க."

"அப்பறம் ஆரு தூக்கறது?"

அவள் போனை அவன் பக்கம் நகர்த்தினாள். படம் பெரிதாக்கியபடியே இருந்தது. திரை முழுக்க ஒரு கை. இரண்டு விரல். ஒரு ஜோடி செருப்பு.

அவன் குனிந்து பார்த்தான்.

டிவியில் யாரோ சிக்ஸர் அடித்தார்கள். அவன் திரும்பவில்லை. படத்தையே பார்த்தான். முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடியது. இத்தனை வருடத்தில் அந்த முகத்தில் அவள் பார்த்திராத வாட்டம். பாவமாகக்கூட இருந்தது. காட்டியிருக்க வேண்டாமோ என்று நினைத்தாள்.

"இந்த வாட்ச்ச எப்ப வாங்குனான்?" என்றான். "அண்ணங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாரு."

அவள் போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

பதினேழு மாடியை அழுத்தினாள்.