எழுநூறு மில்லி

வேலூர் தையல்காரர் தேவசகாயத்துக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்த பிறகு, மருத்துவமனை வீட்டில் பொருத்திய தானியங்கிக் குழாய்கள் அவர் கையை அடையாளம் கண்டு வைத்திருந்தன. மருத்துவமனை குறித்த ஒரு லிட்டருக்கு மேல் ஒரு நாளில் அவருக்குச் சொட்டுத் தண்ணீரும் விடமாட்டா. அப்படியும் பக்கத்து வீட்டில் போய்த் திருட்டுத்தனமாகக் குடித்துவிட்டு, இரண்டு முறை மூச்சுத்திணறிப் படுத்திருக்கிறார். மனைவி ரூபாவதிக்கு அவரைக் காவல் காப்பதே வேலையாகிப் போனது.

தண்ணீர் அளவைத் தானே கணிக்க மருத்துவமனை கொடுத்த ஆறு வாரப் பயிற்சி முடிந்ததும், டயாலிசிஸ் பிரிவு நர்ஸ் காஞ்சனா அவரிடம் சொன்னாள்: "இனிமே தினமும் எடை பாத்து, கால் வீக்கம் பாத்து, அளவை நீங்களே முடிவு பண்ணுங்க சார். குழாய் உங்க பேச்சைத்தான் கேக்கும்."

ரூபாவதி பதறினாள். "இவரை நம்பியா விடறீங்க?"

மறுநாள் சித்திரை வெயில் கொளுத்தியது. கடைசி டயாலிசிஸுக்குப் பிறகு எடை ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. கணுக்காலை அழுத்தினார், குழி விழுந்து அப்படியே நின்றது. குழாய் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"எழுநூறு மில்லி," என்றார்.

ரூபாவதியால் நம்ப முடியவில்லை. "முன்னைவிடக் கம்மியா இருக்கே!"

"அது அவங்க வச்ச அளவு, ஏமாத்தணும்னு தோணுச்சு. இது நான் வச்சது. யாரை ஏமாத்தறது?"

வெள்ளிக்கிழமை டயாலிசிஸுக்குப் போனபோது, கூடியிருந்த எடை வழக்கத்தில் பாதிதான். அந்தச் சந்தோஷத்தை ரூபாவதியிடம் சொல்லக் காஞ்சனா வெளியே போகத் திரும்பினாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம், நாற்காலியில் சாய்ந்து ரூபாவதி வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எழுப்பாதம்மா," என்றார் தேவசகாயம். "அவ தூங்கி ரெண்டு வருஷமாச்சு."