மூன்றாவது இழுப்பு

செண்பகவல்லியின் மூளை ரத்தக்குழாயை அடைத்திருந்த ரத்தக்கட்டி, இரண்டு முறை கம்பிவலையை விட்டு இழுத்தும் வரவில்லை. காலையிலிருந்து அவருக்குப் பேச்சில்லை. ஒவ்வொரு இழுப்பிலும் வலை குழாயின் உட்சுவரை உரசிக்கொண்டுதான் வரும் என்பது டாக்டர் ஹபீபாவுக்குத் தெரியும். மூன்றாவது முறை கம்பி நகர மறுத்தது. அப்படியே விட்டால் பேச்சு திரும்பாது. இழுத்தால் சுவர் கிழியலாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். சட்டென்று கை லேசானது.

வலையை வெள்ளைத் துணியில் துடைத்தார். மாதுளை முத்துப் போலக் கட்டி கிடந்தது.

“வந்துருச்சு மேடம்!” என்றார் நர்ஸ் சலோமி.

கட்டியோடு வெங்காயத்தோல் போல ஒரு வெளுத்த சவ்வும் ஒட்டியிருந்தது. அது கட்டியில் இருக்க வேண்டியது அல்ல. ஹபீபா அவசரமாக, எக்ஸ்ரே படத்தில் கறுப்பாகத் தெரியும் சாயத்தைக் குழாய்க்குள் செலுத்தித் திரையைப் பார்த்தார்.

சலோமி, ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் கேட்டதைப் போலவே, நோயாளியின் காதருகே குனிந்தார். “அம்மா, உங்க பேரு சொல்லுங்க.”

உதடுகள் அசைந்தன. குரல் வந்தது.

“பேசிட்டாங்க மேடம்!” சலோமிக்குக் கண் கலங்கிவிட்டது.

திரையில், குழாய்க்கு வெளியே, மைத்துளி போல ஒரு கறுப்பு மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.

“என்ன சொன்னாங்க?”

“தலை வலிக்குதாம், மேடம்.”