இரண்டடிப் பனி

"ரெண்டடி விழும்னான் பாவி! இதப் பாரு, யாரோ மாவு சலிச்சுட்டுப் போன மாதிரி இருக்கு" என்று பூட்ஸ் நுனியால் பனியை எத்தினார் ஆர்மண்ட்.

பக்கத்து வீட்டு நதீன் வாசற்படியில் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேற்கே மேகம் விலகி வெளுக்கத் தொடங்கியிருந்தது.

ஆர்மண்டுக்கு வயிற்றெரிச்சல். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், வடகோடிச் சாலைகளில் காலமெல்லாம் பனி தள்ளிய மனிதர். வேலையும் முடிந்து மனைவியும் போன பிறகு, புயல் நாளில் மட்டும்தான் ஊருக்கு அவர் ஞாபகம் வரும். மார்ச் பிறந்துவிட்டது. இந்தக் குளிர்காலத்துக்கு இதுதான் கடைசிப் புயல். ரேடியோ அலறியதை நம்பி, பிக்கப் வண்டியின் முன்னால் பனி தள்ளும் தகட்டை மாட்டி, சக்கரத்துக்குச் சங்கிலி போட்டு, விடியும் முன்பே உடுப்போடு உட்கார்ந்திருந்தார். ஒரு போன்கூட வரவில்லை. விழுந்தது அரை அடிகூட இல்லை.

"மத்தியானத்துக்கு மேல மறுபடி பிடிக்குமா?" என்றாள் நதீன்.

"எங்கே பிடிக்கிறது? கடல் பக்கம் திரும்பிடுச்சாம். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டவன், கடைய மூடினவன் எல்லாம் இப்போ தலைல அடிச்சுக்கிறான்."

"ரேடியோக்காரங்க சில சமயம் தப்பாவும் சொல்றாங்கல்ல?"

"தப்பாச் சொன்னதாலதானேம்மா இப்படி நிக்கிறோம்!"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"பெரிய ரோடு?"

"பளிச்சுனு கிடக்கு. சின்னப் பிள்ளைகூட வண்டி ஓட்டிட்டு வரலாம்."

அவள் முகம் இன்னும் வாடியது. ஆர்மண்டுக்குப் புரிந்தது. அவள் புருஷன் ட்ராய் மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். வீட்டை விட்டுப் போய் மூன்று வாரம். இன்று திரும்புகிறான். இந்த நேரத்தில் புயல் என்றால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் தூக்கம் வரும்? மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் கண்ணெல்லாம் வீங்கிக் கிடந்தது, பாவம்.

"கவலைய விடு. உன் ஆளு பத்திரமா வந்து சேருவான்" என்றார்.

அவள் தலையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஆர்மண்ட் சற்று நேரம் சும்மா நின்றார். நதீன் வீட்டுக் கதவிலிருந்து சாலை வரை நீண்ட பாதை பனி மூடிக் கிடந்தது. லேசான பனிதான், ஆனாலும் பனி. வண்டியைக் கிளப்பினார். தகடு தரையில் உரசிய சத்தம் கேட்டதும் மனசு கொஞ்சம் ஆறியது. இருந்த பனியையெல்லாம் இரண்டு பக்கமும் ஒதுக்கி, ஓரத்தைக்கூட விடாமல் சுரண்டினார். நடுவில் போன் அடித்தது. அன்றைக்கு அவருக்கு வந்த முதல் போன். பேசி முடித்து, தனக்குத்தானே சிரித்துக்கொண்டு மிச்சத்தையும் தள்ளினார்.

கதவைத் தட்டியபோது கோழிச் சாறு மணத்தது. மேசையில் ரொட்டி, மாவு, பால் டப்பாக்கள், மெழுகுவத்திகள் குவிந்திருந்தன.

"ஏயப்பா! ஒரு வாரம் அடைபட்டுக் கிடக்கத் திட்டமா?"

"அப்படித்தான் நினைச்சேன்" என்றவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கதவிலிருந்து சாலை வரை பாதை கறுப்பாக, வெறுமையாகக் கிடந்தது. "ஆர்மண்ட்... இதை யார் பண்ணச் சொன்னது?"

"யாரும் சொல்லணுமா? எனக்கும் பொழுது போகணும்ல." காப்பிக்கு அழைப்பாள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இனிமேயாவது மூஞ்சியச் சிரிச்ச மாதிரி வெச்சுக்கோ. ட்ராய் எனக்குப் போன் பண்ணினான்."

"உங்களுக்கா?"

"'ரெண்டடிப் பனி, கதவையே திறக்க முடியல, வராதேங்கிறா. நிஜமா?'ன்னு கேட்டான். எனக்குச் சிரிப்பு தாங்கல. 'உன் பெண்டாட்டி உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்து அளக்கிறாடா. இங்க பூட்ஸ் முங்குற அளவுக்குக்கூட இல்ல. வாசல் வரைக்கும் நானே வழி பண்ணி வெச்சிருக்கேன், வாடா ராஜா'ன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. சட்டுனு வெச்சிட்டான். உன்னைப் பாக்கற அவசரம்!"

நதீன் அடுப்பை அணைத்தாள். தூரத்தில், சாலைத் திருப்பத்தில், லாரி கியர் மாற்றும் சத்தம் கேட்டது. அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். நிதானமாகத் துடைத்து, கூட்டில் வைத்து மூடி, எக்கி அலமாரியின் மேல்தட்டில், பாத்திரங்களுக்குப் பின்னால் தள்ளினாள்.

"அவன் வர்ற நேரத்துல கண்ணாடிய எதுக்கும்மா ஒளிச்சு வைக்கிறே?"

"புதுசு, ஆர்மண்ட். போன தடவை அவர் வந்தப்போ, போட்டிருந்தது முகத்துலேயே உடைஞ்சு, சில்லு கண்ணுக்குள்ள போயிடுச்சு."