பதினோராம் எபிசோடின் கைக்கடிகாரம்

எடிட்டர் மறுபடியும் அந்தக் காட்சியை ஓடவிட்டு, சரியாக அதே இடத்தில் நிறுத்தினான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்தத் துப்பறியும் தொடர் வந்து நாற்பது வருடம் ஆகிறது. நூற்று நான்கு எபிசோடு. அதில் பதினோராவதுதான் எல்லாருக்கும் உயிர். பாதி கட்டிய பாலத்திலிருந்து ஜீப் பறக்கும். அந்தரத்தில் நிற்கும்போதே விளம்பரம் வந்துவிடும்.

என்னைப் பார்த்தால் ஜீப்பைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. இன்ஸ்பெக்டரின் இடது கையில் இருந்த கடிகாரம், ஜீப்பில் ஏறியதும் எப்படி வலது கைக்குப் போனது என்றுதான் கேட்பார்கள்.

ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. சட்டைப் பொத்தான், சிகரெட்டின் நீளம், தலை வகிடு, எதுவும் என் நோட்டுக்குத் தப்பியதில்லை. மற்ற நூற்று மூன்று எபிசோடுக்கும் யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருப்பார்களா? பல் டாக்டர்கூடக் கடிகாரத்தைத்தான் கேட்டார். வாய்க்குள் கருவியை விட்டுக்கொண்டு கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல?

இப்போது தொடரைப் புதுப்பித்து வெளியிடுகிறார்களாம். பழைய ஆட்களில் மிஞ்சியது நான் ஒருத்திதான் என்று கூப்பிட்டிருந்தார்கள்.

“கவலைப்படாதீங்கம்மா, கம்ப்யூட்டர்ல அந்த வாட்ச்ச இடது கைக்கு மாத்திடுறேன். உங்க கெட்ட பேரு இதோட போச்சு,” என்றான் எடிட்டர்.

எனக்குத் திக்கென்றது.

அதோடு விட்டானா? பார்த்த உடனே ஏன் இன்னொரு டேக் போகவில்லை என்று அவனும் கேட்டான்.

எல்லாச் சாகசத்தையும் ஹீரோவே செய்கிறார் என்பதுதான் அப்போது விளம்பரம். டூப் என்று ஒருவர் இருப்பதை வெளியே சொல்ல மாட்டோம் என்று வேலைக்குச் சேரும்போதே எல்லாரிடமும் எழுதி வாங்கியிருந்தார்கள். அந்த மனிதருக்கு டைட்டிலில் பெயர் கிடையாது. திரையில் முகமும் கிடையாது. தயாரிப்பாளரும் ஹீரோவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இனி எனக்கு யாரிடம் பயம்?

“மாத்தாதப்பா. அது என் வீட்டுக்காரர் கை,” என்றேன்.

அவர் இடது கைப் பழக்கக்காரர். கடிகாரத்தை வலது கையில்தான் கட்டுவார். நூற்று நான்கு எபிசோடில் அவர் என்று சொல்லிக் காட்ட எனக்கு இருப்பது அந்த ஒரு தப்புதான்.

ஜீப்பில் ஏறும் முன்பு ஹீரோவின் கடிகாரத்தை வாங்கி அவருக்குக் கட்டியது நான். தினமும் காலையில் வீட்டில் கட்டிவிடுகிற கையிலேயே, பேச்சுவாக்கில் கட்டிவிட்டேன்.

ஜீப் கிளம்பிய பிறகுதான் கண்ணில் பட்டது. போகட்டும், அடுத்த டேக்கில் மாற்றிவிடலாம் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.

ஜீப் விழுந்தது. இன்னொரு டேக் போக, அதிலிருந்து யாரும் இறங்கவில்லை.