தண்ணீர் வரும் பக்கம்

மியூசியத்தின் பின்னறையில் நானும் அண்ணியும் புதைபடிவங்களைச் சுத்தம் செய்கிறோம். என்றோ வற்றிப்போன ஆறு ஒன்று கல்லாகி எங்கள் மேசையில் கிடக்கிறது. ஒரே பலகைக்கல்லில் நாணல், இலைகள், ஒரு கூட்டம் மீன்கள்.

"ஆத்து மீன் தண்ணி வர்ற பக்கம் பார்த்துத்தான் நிக்கும்" என்பாள் அண்ணி. நேற்றுவரை அத்தனையும் ஜன்னலைப் பார்த்திருந்தன.

இன்று காலை அந்த மீன்கள் எல்லாம் அண்ணியின் நாற்காலியைப் பார்த்தன. கல்லை யாரும் திருப்பவில்லை. நாணல் பழைய இடத்திலேயே இருந்தது. அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அண்ணி ஏழு மாத வயிற்றோடு மெல்ல உட்கார்ந்து சிரித்தாள். "என்னடி இது, ஆறு என்கிட்டருந்தா வரப்போகுது?"

சிரிப்பு பாதியில் நின்றது. என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

பனிக்குடம் உடைந்து, நாற்காலிக்கடியிலிருந்து தண்ணீர் மீன்களைப் பார்த்து ஓடியது.