இடது கன்னம்

காசநோய்க்காரர்கள் மாத்திரையை விழுங்குவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதுதான் லூர்துமேரியின் சங்கத்துக்கு வேலை. சங்கம் என்றால் மூன்றே பெண்கள். ஐந்து வருடமாக, விழுங்கியாச்சு என்று அவள் தெருவே அவளிடம் நாக்கை நீட்டிக் காட்டியது. சேவுகன் மட்டும் குமட்டலுக்குப் பயந்து மாத்திரையை இடது கன்னத்தில் ஒதுக்குவான். அவள் அவன் முகவாய்க்கு அடியில் உள்ளங்கையை நீட்டுவாள். துப்புவான். வாழைப்பழத் துண்டில் வைத்து மறுபடி கொடுப்பாள்.

இப்போது நகரத்திலிருந்து ஒரு பெரிய நிறுவனம் வந்துவிட்டது. "நீங்க எங்க கூட்டாளிக்கா" என்றார்கள். பேனரின் கீழ் ஓரத்தில் அவளுடைய சங்கத்தின் பெயர் மச்சம் போல இருந்தது. இனிமேல் விழுங்குவதைச் செல்போனே பார்த்துக்கொள்ளுமாம். பொறாமை என்று சொன்னால் லூர்துமேரி சண்டைக்கு வருவாள். ஆனாலும் வயிறு எரிந்தது உண்மை.

இன்று சேவுகன் தலையைச் சீவிக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்தான். "இந்த மதினிகிட்ட காட்டி என்னத்தக் கண்டேன்? இதுல நம்ம மூஞ்சியாவது தெரியுது." மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்து நாக்கை நீட்டினான். போனில் பச்சை விளக்கு எரிந்தது. நிறுவனத்து அதிகாரி பூரித்துப்போனார்.

"எப்படிக்கா நம்ம ஏற்பாடு?"

சேவுகனின் இடது கன்னம் லேசாகப் புடைத்திருந்தது. அவள் சும்மா இருந்தால் போதும். இந்த ஏற்பாடு தோற்றுப்போகும், தெரு திரும்பவும் அவளிடமே வரும். அந்த நினைப்பு வெல்லமாய் இனித்தது. சேவுகன் இருமினான்.

"ரொம்ப நல்லாருக்கு தம்பி" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுடைய உள்ளங்கை சேவுகனின் முகவாய்க்கு அடியில் போய் நின்றுவிட்டது.